மூல உரிமை யாரிடம்?

ஆப்பிரிக்க மண்ணும் சட்டமும்: தான்சானியா

சென்ற பகுதியில் கண்ட கென்யாவில், 1954ஆம் ஆண்டின் ஸ்வின்னர்ட்டன் திட்டம் தொடங்கி, நிலச் சீர்திருத்தம் என்பது சிதறிக் கிடந்த நிலங்களை ஒன்றுசேர்த்துத் தனி மனிதர் பெயரில் பதிவு செய்து பட்டா வழங்குவதாகவே இருந்தது. அதன் தெற்கு எல்லையை ஒட்டிய டாங்கனிக்கா, பின்னாளில் தான்சானியா, வேறு வழியில் சென்றது. தனி மனிதரின் முழு உடைமை என்பதையே அந்நாடு ஏற்க மறுத்தது. நிலம் முழுவதும் பொதுவுடைமை, அதை உழுவோருக்கும் மேய்ப்போருக்கும் இருப்பது அனுபோக உரிமை மட்டுமே என்ற கோட்பாட்டின் மேல் தன் நிலச் சட்டங்களைக் கட்டியது. இப்பகுதியில் தான்சானியா என்று வருமிடமெல்லாம் அது பெருநிலப்பரப்பையே குறிக்கும். 1964இல் அதனுடன் இணைந்த சான்சிபாரின் நிலச் சட்டங்கள் தனியானவை.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் ஜெர்மானியப் பேரரசு, பிரித்தானிய நிர்வாகம், சோசலிசக் குடியரசு, சந்தைப் பொருளாதாரத்துக்குத் திரும்பிய அரசு என அங்கே ஆட்சியின் தன்மை பலமுறை மாறியது. ஆயினும் எல்லா நிலத்தின் மீதும் இறுதி அதிகாரம், அதாவது சட்ட அறிஞர் மூல உரிமை என்று குறிப்பிடுவது, ஆட்சித் தலைமையிடமே இருக்கும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. உழவரின் பாதுகாப்பைக் கூட்டும் நோக்குடன் வந்த ஒவ்வொரு சட்டமும் அவ்வடிப்படையின் மேல் கை வைக்காமல் அதற்குக் கீழுள்ள அடுக்குகளையே திருத்தியது என்பதுதான் தான்சானிய நில வரலாற்றின் சாரம்.

வழக்காற்றில் நிலம்

ஐரோப்பியர் வருகைக்கு முன் அந்நிலப்பரப்பில் ஒரே வகையான நில வழக்காறு இருந்ததில்லை. கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் வாழ்ந்த சாகா மக்களிடம் கிஹம்பா எனப்படும் வீட்டுத் தோட்டம் இருந்தது. வாழையும் பிற்காலத்தில் காப்பியும் விளைந்த அந்நிலம் தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வந்தது, அதற்கு நீர் கொண்டுவந்த வாய்க்கால்களோ ஊர்ப் பொதுவில் பராமரிக்கப்பட்டன. விக்டோரியா ஏரியின் தென்புறத்துச் சுகுமா மக்கள், கோடையில் கன்றுகாலிகளுக்குப் புல் கிடைக்க வேண்டும் என்பதற்காக மழைக்காலத்தில் சில நிலங்களை மேய்ச்சலுக்கு மூடிவைத்தனர். அவற்றுக்கு ங்கிதிலி என்று பெயர். மாசாய், பரபைக் போன்ற மேய்ச்சல் மக்களோ பருவத்துக்குப் பருவம் இடம் மாறினர். ஓரிடத்தில் ஆண்டின் சில மாதங்கள் ஆளில்லாதிருப்பதே அவ்விடத்துப் புல்லைக் காக்கும் முறையாக இருந்தது.

இவ்வழக்காறுகளில் ஒருவரின் நிலப் பாதுகாப்பு, அவர் எந்தக் குலத்தை அல்லது ஊரைச் சேர்ந்தவர் என்பதிலிருந்து பிறந்ததே தவிர, எழுதிய ஆவணத்திலிருந்து பிறந்ததன்று. ஆனால் அவற்றைச் சமத்துவம் நிறைந்த பொற்காலமாகக் கருதுவது தவறு. ஏரியின் மேற்குக் கரையில் புஹாயா அரசர்கள் தமக்கு வேண்டியவர்களுக்கு மக்கள் குடியிருந்த நிலங்களைக் கொடையாக அளித்ததால், அம்மக்கள் தம் சொந்த நிலத்திலேயே குத்தகைதாரராகி விளைச்சலிலும் உழைப்பிலும் கடன் செலுத்த நேர்ந்தது; ந்யாருபன்ஜா எனப்பட்ட இம்முறை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. பெரும்பாலான சமூகங்களில் பெண்களுக்கு நிலம் தந்தை வழியாகவோ கணவன் வழியாகவோதான் கிடைத்தது. மணமுறிவும் கணவனின் மறைவும் அவ்வழியை அடைத்துவிடக்கூடியவை.

உரிமையாளரற்ற நிலம் என்னும் ஆணை

கார்ல் பீட்டர்ஸும் அவருடைய கூட்டத்தாரும் 1884ஆம் ஆண்டு முதல் உள்ளூர்த் தலைவர்களிடம் பெற்ற ஒப்பந்தங்களை ஆதாரமாகக் கொண்டு ஜெர்மானிய கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனி அப்பகுதியில் கால் ஊன்றியது. கரையோர மக்களின் எதிர்ப்பை அடக்க இயலாத நிலையில் 1891இல் பேரரசே நேரடியாக நிர்வாகத்தை ஏற்றது. 1895 நவம்பர் 26 அன்று வெளியான பேரரசு ஆணை, தனியாரோ தலைவர்களோ உள்நாட்டுச் சமூகங்களோ உரிமையை மெய்ப்பிக்கும் நிலங்கள் தவிர மற்ற எல்லா நிலமும் உரிமையாளரற்றது, ஆகவே பேரரசுக்கே சொந்தம் என்று அறிவித்தது.

ஆணையின் கூர்மை, விதிவிலக்கில் கூறப்பட்ட மெய்ப்பித்தல் என்ற நிபந்தனையில் இருந்தது. ஐரோப்பியக் குடியேறியிடம் காட்டுவதற்குப் பத்திரம் இருந்தது. ஆப்பிரிக்க உழவரோ நிலத்தைக் கண்கூடாகப் பயிர் செய்துகொண்டிருப்பதைத்தான் சான்றாகக் காட்ட முடிந்தது. தரிசாக விடப்பட்ட நிலமும், பருவத்துக்கு மட்டும் பயன்படும் மேய்ச்சல் நிலமும், வருங்காலத் தலைமுறைக்கென்று குலம் ஒதுக்கிவைத்த காடும் இந்த அளவுகோலுக்கு வெளியே நின்றன. உசம்பரா மலைகளிலும் கிளிமஞ்சாரோ, மேரு மலையடிவாரங்களிலும் காப்பித் தோட்டங்களும், 1893இல் ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் கொண்டுவந்த கற்றாழை நார்ப் பயிரான சைசல் தோட்டங்களும் இந்த ஆணை ஏற்படுத்திய இடைவெளியில் பரவின. பயன்படுத்தாத நிலம் எவருக்கும் உரியதன்று என்னும் இந்தக் கருத்து, ஆணையைப் பிறப்பித்த பேரரசு மறைந்து எட்டுப் பத்தாண்டுகளுக்குப் பின் வேறொரு சட்டத்தின் வரையறைக்குள் மீண்டும் தலைகாட்டியதைப் பின்னர் காணலாம்.

1923ஆம் ஆண்டின் சட்டமும் 1928ஆம் ஆண்டின் திருத்தமும்

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபின், நாடு டாங்கனிக்கா என்ற பெயருடன் சர்வதேச சங்கத்தின் பொறுப்பாட்சி நிலமாகப் பிரித்தானியாவின் கைக்கு வந்தது. பொறுப்பாட்சி என்பது குடியேற்ற நாட்டை உடைமையாக ஆளாமல், அங்குள்ள மக்களின் நலனுக்காகச் சங்கத்துக்குக் கணக்குக் காட்டி ஆளும் ஏற்பாடு. நிலம் பற்றிய சட்டங்களை இயற்றும்போது உள்நாட்டு மக்களின் வழக்காறுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. போரில் பறிமுதலான ஜெர்மானியத் தோட்டங்களை ஏலத்தில் எடுத்தவர்களுள் பிரித்தானியருடன் கிரேக்கரும் இந்திய வணிகரும் இருந்தனர் என்பதால், பழைய முழு உடைமை நிலங்கள் கைமாறினவே தவிர மறையவில்லை.

1923ஆம் ஆண்டின் நில அவசரச் சட்டம், வட நைஜீரியாவில் 1910இல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பெரிதும் பின்பற்றியது. முன்பே ஏற்பட்ட முழு உடைமைகள் தவிர மற்ற எல்லா நிலமும், குடியிருப்பு உள்ளதாயினும் இல்லாததாயினும், பொது நிலம். அது ஆளுநரின் கட்டுப்பாட்டில் இருக்கும். அவர் ஒருவருக்கு 99 ஆண்டுகள் வரை அனுபோக உரிமை வழங்கலாம் என்பது அதன் ஏற்பாடு. உள்நாட்டு மக்களின் வழக்காற்று உரிமைகள் காக்கப்பட வேண்டும் என்று முகவுரை நல்லெண்ணத்துடன் கூறியது. ஆனால் சட்டத்தின் உடலில், ஆளுநரிடமிருந்து சான்று பெறாமல் தலைமுறைகளாக உழுதுவந்த இலட்சக்கணக்கானோரின் உரிமைக்குத் தெளிவான இடம் இல்லை.

இக்குறையைச் சர்வதேச சங்கத்தின் பொறுப்பாட்சி ஆணையம் சுட்டியதை அடுத்து, டொனால்ட் கேமரன் ஆளுநராக இருந்த காலத்தில், 1928இல் ஒரு திருத்தம் வந்தது. வழக்காற்றின்படி நிலத்தைப் பயன்படுத்தும் உள்நாட்டுச் சமூகத்தின் உரிமையும் அனுபோக உரிமையின் வரையறைக்குள் அடங்கும் என்று அது கூறியது. இதன் பயனாக இருவகை உரிமைகள் உருவாயின: அரசு எழுத்து மூலம் தரும் வழங்கப்பட்ட அனுபோக உரிமை ஒன்று, எவரும் வழங்காமலேயே சட்டம் இருப்பதாகக் கொள்ளும் கருதப்படும் அனுபோக உரிமை மற்றொன்று. ஏட்டில் இரண்டும் ஒரே பெயருடையவை. நடைமுறையில் முன்னதற்கு ஆண்டுக் கணக்கும் எல்லைக் கல்லும் நீதிமன்றத்தில் நீட்டத்தக்க ஆவணமும் இருந்தன, பின்னதோ நிர்வாகம் மதிக்கும் வரையில் நிலைத்தது.

மேரு வழக்கும் உடைமை பற்றிய விவாதமும்

அந்த வேறுபாட்டின் விலையை மேரு மக்கள் 1951இல் அறிந்தனர். மேரு மலையின் வடகிழக்கே எங்காரே நன்யூக்கி பகுதியில் ஐரோப்பியப் பண்ணைகளை இடைவெளியின்றி ஒரே பரப்பாக அமைக்க வேண்டும் என்ற, நீதிபதி மார்க் வில்சன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்கு ஏற்ப, சுமார் 3,000 பேர் அவ்வாண்டின் இறுதியில் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, வெப்பம் மிகுந்த கிங்கோரிக்கு அனுப்பப்பட்டனர். டாங்கனிக்கா அப்போது ஐக்கிய நாடுகள் சபையின் அறங்காவல் நிலமாக மாறியிருந்ததால், மேரு மக்கள் தம் முறையீட்டை அச்சபைக்கே கொண்டுசென்றனர். 1952இல் அவர்களின் சார்பில் கிரிலோ ஜாஃபெட் நியூயார்க் சென்று அங்கே நேரில் வாதிட்டார். வெளியேற்றப்பட்டோர்க்கு அப்போது நிலம் திரும்பவில்லை எனினும், அவ்வழக்கு நாடெங்கும் நிலக் கேள்வியை அரசியல் கேள்வியாக்கியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜூலியஸ் நைரேரே தலைமையில், விடுதலையைக் கோரி 1954இல் உருவான டானு கட்சிக்கு அது ஆயத்தமான ஒரு களத்தைத் தந்தது.

1953 முதல் 1955 வரை ஆராய்ந்த கிழக்கு ஆப்பிரிக்க அரச ஆணையம், வழக்காற்று நிலவுடைமை வேளாண் முன்னேற்றத்துக்குத் தடை என்றும், தனி உடைமையாக நிலத்தைப் பிரித்துப் பதிவு செய்வதே வழி என்றும் முடிவு கூறியது. அதைத் தழுவி டாங்கனிக்கா அரசு 1958இல் முழு உடைமையை அறிமுகப்படுத்த முன்மொழிந்தபோது, நைரேரே நிலம் நாட்டின் சொத்து என்னும் கருத்தை வலியுறுத்திச் சுவாஹிலித் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி எதிர்த்தார். பெரும்பாலோர் ஏழைகளாக உள்ள நாட்டில் நிலம் விற்பனைப் பொருளானால், சில பத்தாண்டுகளில் அது பணமுள்ள சிலரிடம் சேர்ந்து, ஏனையோர் அவர்களுக்குக் குடிவாரம் செலுத்துவோராக மாறுவர் என்பது அவரது வாதம். பக்கத்து நாடான கென்யாவின் வெள்ளையர் மேட்டுநிலத்தைக் கண்ணால் கண்ட தலைமுறைக்கு இந்த அச்சம் கற்பனையாகத் தோன்றவில்லை. ஆனால் வாங்குவோரிடமிருந்து நிலத்தைக் காப்பது பற்றிப் பேசிய அவ்வாதம், அரசிடமிருந்தே உழவரைக் காப்பது எவ்வாறு என்ற கேள்வியை எழுப்பவில்லை.

விடுதலையும் உஜமாவும்

1961 டிசம்பரில் விடுதலையும் அடுத்த டிசம்பரில் குடியரசும் வந்தபோது, ஆளுநரிடம் இருந்த மூல உரிமை மாற்றமின்றிக் குடியரசுத் தலைவருக்கு வந்தது. 1963இல் முழு உடைமை நிலங்கள் எல்லாம் 99 ஆண்டு அரசுக் குத்தகைகளாக மாற்றப்பட்டன. 1969இல் அக்குத்தகைகளும் அனுபோக உரிமைகளாயின. 1960களில் வந்த சட்டம் ந்யாருபன்ஜா முறையை ஒழித்து, குத்தகை செலுத்திவந்தோரை அந்நிலத்தின் உரிமையாளராக்கியது. குடியேற்ற ஆட்சியும் உள்ளூர்ப் பிரபுக்களும் விட்டுச்சென்ற ஏற்றத்தாழ்வை நீக்கியதில் இந்நடவடிக்கைகளின் நன்மை மறுக்க முடியாதது.

சோசலிசத்தை நாட்டின் பாதையாக அறிவித்த 1967ஆம் ஆண்டின் அருஷா அறிக்கையை அடுத்து, சிதறி வாழும் உழவர்கள் ஒன்றுகூடிக் கூட்டாக உழைக்கும் கிராமங்களை அமைக்க வேண்டும் என்ற உஜமாக் கொள்கை வெளியிடப்பட்டது. தொடக்கத்தில் விருப்பத்தின் பேரில் நடந்த இக்குடியமர்வு, 1973 நவம்பரில் கிராமங்களில் வாழ்வது இனி ஆணை என்று நைரேரே அறிவித்ததும் கட்டாயமாயிற்று. 1976 வரை நீடித்த அந்நடவடிக்கையில் ஐம்பது இலட்சம் பேராவது இடம் பெயர்க்கப்பட்டனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. சாலையோரத்தில் நேர்வரிசையாக அமைந்த புதிய கிராமங்களில் பள்ளியும் மருத்துவ நிலையமும் எளிதில் எட்டின. ஆனால் வயலுக்கும் விறகுக்கும் நீருக்கும் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது, பல இடங்களில் பழைய வீடுகள் மக்கள் திரும்பாதபடி எரிக்கப்பட்டன.

நிலச் சட்டத்தின் கண்ணோட்டத்தில் இதன் விளைவு ஆழமானது. ஒருவரின் வழக்காற்று நிலம் இன்னொருவருக்குப் பங்கிட்டுத் தரப்பட்டது. ஆனால் முன்னவரின் உரிமை முடிந்துவிட்டது என்றோ பின்னவரின் உரிமை தொடங்கிவிட்டது என்றோ சட்டம் எதுவும் கூறவில்லை. 1975ஆம் ஆண்டின் கிராமங்கள் மற்றும் உஜமாக் கிராமங்கள் சட்டம் கிராமத்துக்குச் சட்ட உருவத்தையும் மன்றத்தையும் தந்தது; நிலத்தின் மீது மக்களுக்கு உள்ள உரிமையைப் பற்றி மௌனம் காத்தது. குடியரசுத் தலைவரே எல்லா நிலத்துக்கும் அறங்காவலர் என்று நம்பிய நிர்வாகம், அறங்காவலர் எடுத்துக்கொள்வதற்கு ஆவணம் எதற்கு என்ற மனநிலையில் செயல்பட்டது.

நீதிமன்றங்களில் எழுந்த கேள்வி

1985இல் நைரேரே பதவி விலக, அலி ஹசன் முவின்யி குடியரசுத் தலைவராகி, அடுத்த ஆண்டே சர்வதேச நிதியத்துடன் உடன்பாடு ஏற்பட்டபோது, நிலத்துக்குச் சந்தை மதிப்பு திரும்பியது. அதனுடன் பழைய உரிமையாளர்களும் நீதிமன்றப் படியேறினர். அருஷா மாகாணத்தில் உஜமாவுக்கு முந்தைய வழக்காற்று உரிமை இன்றும் செல்லும் என்று பல தீர்ப்புகள் வந்தன. புதியவர்கள் வெளியேற நேருமோ என்று கலங்கிய அரசு, 1987இல் அம்மாகாணத்திலும் பின்னர் 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் நாடு முழுவதிலும், கிராமமயமாக்கலின்போது கைமாறிய நிலங்களில் முந்தைய வழக்காற்று உரிமைகள் இழப்பீடின்றி அழிந்தன என்று அறிவித்து, அது தொடர்பான வழக்குகளை நீதிமன்றங்கள் விசாரிக்கவும் தடை விதித்தது.

மேய்ச்சல் மக்களின் நிலை இதனினும் மோசமாக இருந்தது. ஹனாங் மாவட்டத்தில் கனடாவின் உதவியுடன் தேசிய வேளாண் உணவுக் கழகம் நடத்திய கோதுமைப் பண்ணைகள், பரபைக் மக்களின் சிறந்த மேய்ச்சல் நிலங்களில் சுமார் ஒரு இலட்சம் ஏக்கரை விழுங்கின. முல்பதாவ் கிராமம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் கிராமத்தார் பக்கம் நின்றது. 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நிலம் கிராமத்துக்கு முறைப்படி ஒதுக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என்பதுடன், வாதிகள் தாம் சட்டம் கூறும் உள்நாட்டு மக்கள் என்பதை மெய்ப்பிக்கவில்லை என்பதும் அது காட்டிய காரணங்களுள் ஒன்று. குடியேற்ற ஆட்சி ஆப்பிரிக்கரை வேறுபடுத்திக் காட்ட வகுத்த சொல், விடுதலை பெற்ற நாட்டில் ஆப்பிரிக்கரின் உரிமையை மறுக்கப் பயன்பட்டது.

திருப்பம் 1994இல் வந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த வழக்கில், தலைமை நீதிபதி பிரான்சிஸ் நியாலாலி தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்காற்று அனுபோக உரிமையும் அரசியலமைப்பு பாதுகாக்கும் சொத்துதான் என்றும், உரிய இழப்பீடின்றி அதைப் பறிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. அதுவரை நிலத்தில் கட்டிய வீடு, நட்ட மரம் போன்ற மேம்பாடுகளுக்கு மட்டுமே இழப்பீடு தருவது வழக்கம். வெற்று நிலத்துக்கு மதிப்பே இல்லை என்று கொள்ளப்பட்டது. மனித உழைப்பு சேர்ந்த நிலத்துக்கும் மதிப்பு உண்டு என்று கூறிய இத்தீர்ப்பு, நீதிமன்றக் கதவை அடைத்த பிரிவுகளையும் செல்லாதவையாக்கியது. 1928இல் கருதப்படுவதாக மட்டும் இருந்த உரிமை, அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அரசியலமைப்பின் நிழலுக்குள் வந்தது.

ஷிவ்ஜி ஆணையம்

வழக்குகள் பெருகிய அதே வேளையில், 1991 ஜனவரியில், தார் எஸ் சலாம் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் இசா ஷிவ்ஜி தலைமையில் நிலம் பற்றி ஆராயக் குடியரசுத் தலைவரின் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான பொதுக் கூட்டங்களில் உழவர், மேய்ப்பர், நகரக் குடிசைவாசிகள் ஆகியோரின் முறையீடுகளைக் கேட்ட அவ்வாணையம், 1992 நவம்பரில் தன் அறிக்கையை அளித்தது. மக்களின் குறைகள் பல வகையாயினும் அவற்றின் ஊற்று ஒன்றே என்பது அதன் முடிவு: நிலத்தின் உடைமையும் நிர்வாகமும் ஆட்சித் துறை என்னும் ஒரே கையில் குவிந்திருப்பதால், எடுத்துக்கொள்பவரும் அதை நியாயப்படுத்துபவரும் ஒருவராகவே இருக்கின்றனர்.

இதற்கு மாற்றாக, மூல உரிமையையே ஆட்சித் துறையிடமிருந்து பிரித்தெடுக்க ஆணையம் பரிந்துரைத்தது. நிலத்தைத் தேசிய நிலம், கிராம நிலம் என இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்னது நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட நில ஆணையர் வாரியத்திடமும், பின்னது அந்தந்தக் கிராமத்தின் வயது வந்தோர் அனைவரும் அடங்கிய கிராம சபையிடமும் நிலைபெற வேண்டும். இவ்வேற்பாட்டை எளிதில் திருத்த முடியாதபடி அரசியலமைப்பிலேயே பதிக்க வேண்டும். தகராறுகளை ஊர் மூத்தோர் அவை முதல் படியில் தீர்க்க வேண்டும் என்பன அதன் முக்கியப் பரிந்துரைகள்.

அரசு இப்பரிந்துரைகளின் உயிர்நாடியை ஏற்கவில்லை. நிலத்தின் மீதான அதிகாரம் இல்லாத அரசால் வளர்ச்சித் திட்டங்களை நிறைவேற்ற முடியாது என்ற வாதத்துடன், 1995ஆம் ஆண்டின் தேசிய நிலக் கொள்கை, எல்லா நிலமும் பொது நிலம், குடியரசுத் தலைவரே அதன் அறங்காவலர் என்ற பழைய வாய்பாட்டை உறுதி செய்தது. அக்கொள்கையின் அடிப்படையில் பிரித்தானியச் சட்டப் பேராசிரியர் பேட்ரிக் மெக்கோஸ்லன் 1996இல் வரைவை எழுதினார். வரைவு வெளிவந்ததும் நில உரிமைக்காக உழைத்த ஹக்கியார்தி போன்ற அமைப்புகள் இணைந்து நிலத்துக்கான தேசிய மேடையை உருவாக்கி ஷிவ்ஜி அறிக்கையின் நிலைப்பாட்டை வலியுறுத்தின. பெண் வழக்குரைஞர்களும் பெண்கள் அமைப்புகளும் தனிக்குழு அமைத்து, வாரிசுரிமையிலும் கூட்டு உடைமையிலும் பெண்களுக்குத் தெளிவான இடம் கேட்டனர். முதல் முயற்சி பெரும்பாலும் தோற்றது, இரண்டாவது கணிசமாக வென்றது.

1999ஆம் ஆண்டின் இரு சட்டங்கள்

1999 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிலச் சட்டமும் கிராம நிலச் சட்டமும் 2001 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நிலம் மூன்று வகையாயிற்று: தேசியப் பூங்கா, காடு போன்றவை ஒதுக்கப்பட்ட நிலம், கிராமங்களின் எல்லைக்குள் அடங்குபவை கிராம நிலம், எஞ்சியவை, நகரங்கள் உட்பட, பொதுவகை நிலம். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு கிராம நிலம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

கிராம நிலச் சட்டம், 1928ஆம் ஆண்டுத் திருத்தம் மறைமுகமாகச் சொன்னதை வெளிப்படையாக எழுதியது: வழக்காற்று அனுபோக உரிமை, வழங்கப்பட்ட உரிமைக்கு எல்லா வகையிலும் சமமான தகுதி உடையது. கிராமம் தன் எல்லையை அண்டைக் கிராமங்களுடன் ஒத்துக்கொண்டு கிராம நிலச் சான்று பெறுகிறது. பின்னர் வீட்டு நிலம், பயிர் நிலம், மேய்ச்சல், காடு, நீர்நிலை எனப் பயன்பாட்டைத் திட்டமிடுகிறது. அதன்பின் கிராம மன்றம் சபையின் ஒப்புதலுடன் குடும்பங்களுக்கும் குழுக்களுக்கும் கால வரம்பற்ற வழக்காற்று உரிமைச் சான்றை வழங்குகிறது. நிலத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் கிராம நில மன்றத்தில் உள்ள எழுவரில் மூவராவது பெண்களாக இருத்தல் வேண்டும். பெண்களுக்கோ சிறாருக்கோ மாற்றுத்திறனாளிகளுக்கோ நிலத்தை மறுக்கும் எந்த வழக்காறும் செல்லாது என்றும், நிலம் பெறவும் வைத்திருக்கவும் கைமாற்றவும் ஆண்களுக்குள்ள உரிமை பெண்களுக்கும் உண்டு என்றும் சட்டங்கள் அறிவித்தன. ஆப்பிரிக்காவின் நிலச் சட்டங்களுள் இவ்வளவு விரிவாகக் கிராமத்துக்கு நிர்வாகப் பொறுப்பை அளித்தவை அக்காலத்தில் மிகச் சில.

சட்டம் விட்டுவைத்த வாசல்கள்

எனினும் மூன்று இடங்களில் பழைய அடிப்படை மேலெழுந்து வந்தது. முதலாவது வரையறையில். கிராம நிலமோ ஒதுக்கப்பட்ட நிலமோ அல்லாததுதான் பொதுவகை நிலம் என்று கிராம நிலச் சட்டம் கூறுகையில், அதே நாளில் நிறைவேறிய நிலச் சட்டம், குடியிருப்போ பயன்பாடோ இல்லாத கிராம நிலமும் பொதுவகை நிலத்தில் சேரும் என்று கூடுதலாக ஒரு தொடரைச் சேர்த்துக்கொண்டது. கோடை மேய்ச்சலுக்காக மூடிவைத்த நிலமும் தரிசும் அந்தத் தொடரின் கண்ணுக்குப் பயனற்றவையாகத் தோன்றக்கூடும். 1895ஆம் ஆண்டின் ஆணைக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை.

இரண்டாவது நில மாற்றத்தில். கிராம நிலத்தைப் பொதுநலனுக்காகப் பொதுவகை நிலமாக மாற்றும் அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் உள்ளது. தேசிய நலன் சார்ந்த முதலீடும் பொதுநலனில் அடங்கும். 250 ஹெக்டேருக்கு உட்பட்ட நிலமாயின் கிராம சபை மறுக்கலாம்; அதற்கு மேற்பட்டதாயின் சபையின் கருத்தைக் கேட்டபின் முடிவு அமைச்சருடையது. சிறிய நிலத்தில் உள்ள தடுக்கும் அதிகாரம் பெரிய நிலத்தில் இல்லாமற்போவது இவ்விதியின் விந்தை. வெளிநாட்டார் நிலம் வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, முதலீட்டுக்காக மட்டும் அரசின் முதலீட்டு அமைப்பின் வழியே சார்புரிமை பெறலாம். அதற்கு முதற்படியாக நிலம் கிராமத்தின் கையிலிருந்து விலக வேண்டும். 2000களின் பிற்பகுதியில் காட்டாமணக்கிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆர்வம் பெருகியபோது, தார் எஸ் சலாமுக்கு அருகில் கிசராவே மாவட்டத்தில் பல கிராமங்களின் 8,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் இவ்வாறு ஒரு பிரித்தானிய நிறுவனத்துக்குச் சென்றது. 2011இல் திட்டம் நின்றது. வகை மாறிய நிலமோ தானாகக் கிராமத்துக்குத் திரும்பவில்லை, ஏனெனில் திரும்புவதற்கான வழியைச் சட்டம் வகுக்கவில்லை.

மூன்றாவது ஒதுக்கப்பட்ட நிலத்தின் விரிவில். வடக்கே லொலியோண்டோவில் மாசாய் கிராமங்கள் உரிமை கோரும் 1,500 சதுர கிலோமீட்டர் பரப்பை வனவிலங்குப் பாதுகாப்புக்காகப் பிரிக்கும் பணியில், 2022 ஜூனில் எல்லைக் கற்கள் நடப்பட்டபோது மோதல் மூண்டது. கிராம நிலத்துக்குச் சான்று தரும் சட்டம் ஒரு துறையிடமும், வனவிலங்குச் சட்டம் மற்றொரு துறையிடமும் இருக்க, இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே அறங்காவலரின் அதிகாரம்.

வாரிசுரிமையில் வேறொரு முரண் நீடிக்கிறது. வழக்காற்றின் பெயரால் பெண்களை விலக்குவது செல்லாது என்று நிலச் சட்டங்கள் கூறினாலும், பல இனக்குழுக்களின் வழக்காறுகளைத் தொகுத்த 1963ஆம் ஆண்டின் அறிவிப்பாணை விதவைகளையும் மகள்களையும் வாரிசுரிமையில் பின்தள்ளியபடியே நிலைத்தது. கணவர் இறந்தபின் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த இரு விதவைகளின் முறையீட்டில், ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாகுபாடு ஒழிப்புக் குழு, 2015இல் தான்சானியா தன் கடமையிலிருந்து தவறியது என்று முடிவு கூறியது.

இவற்றுடன் செலவு என்னும் தடையும் உண்டு. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் எல்லை அளந்து, திட்டமிட்டு, பதிவேடு வைத்துச் சான்று வழங்குவதற்கு வேண்டிய பணமும் ஆட்களும் மாவட்டங்களிடம் இல்லாததால், பணி பெரும்பாலும் உதவித் திட்டங்கள் சென்ற இடங்களில் நடந்தது. சான்றை அடகு வைத்துக் கடன் பெறலாம் என்ற வாக்குறுதியும் பெரிய அளவில் நிறைவேறவில்லை. கிராமத்தாருக்கன்றிப் பிறருக்கு எளிதில் விற்க முடியாத நிலத்தை வங்கிகள் ஈடாக ஏற்கத் தயங்கின. இத்தடைகளுக்கு இடையிலும் சட்டத்தின் கூட்டுரிமைப் பிரிவைத் திறம்படப் பயன்படுத்தியோர் உண்டு. ஏயாசி ஏரிக்கு அருகே வேட்டையாடியும் கிழங்கு தேன் திரட்டியும் வாழும் ஹட்சா மக்கள், 2011இல் யாயெடா பள்ளத்தாக்கில் தம் நிலத்துக்குச் சமூகத்தின் பெயரிலேயே வழக்காற்று உரிமைச் சான்று பெற்றனர். வீடும் வயலும் இல்லாத வாழ்க்கை முறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு என்பதற்கு அது சான்றாயிற்று.

மதிப்பீடு

தான்சானியாவின் அனுபவம், பட்டா இருந்தால் பாதுகாப்பு, இல்லையேல் பாதுகாப்பின்மை என்ற எளிய சமன்பாட்டை இரு பக்கமும் கேள்விக்குள்ளாக்குகிறது. தனி உடைமையை மறுத்ததால் கென்யாவில் நிகழ்ந்ததுபோல் பெருவாரியான உழவர் நிலமற்றோராகும் நிலையை அந்நாடு பெரிதும் தவிர்த்தது. கிராம சபைக்கு வழங்கிய பொறுப்பு, நிலத் தகராறுகளைத் தலைநகர் வரை எடுத்துச் செல்லாமல் ஊரிலேயே பேசித் தீர்க்க வழி செய்தது. ஆனால் எழுத்து மூலம் சான்று பெற்ற கிராமமும், 250 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை எடுக்க அரசு முடிவு செய்யும்போது, சான்று பெறாத கிராமத்தைப் போலவே கருத்துக் கூறும் உரிமையை மட்டும் உடையதாக நிற்கிறது. நிலவுடைமையின் பாதுகாப்பை அளக்க, உரிமையாளரிடம் உள்ள ஆவணத்தை விட, அதை எடுக்கக்கூடியவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதே நம்பத்தக்க அளவுகோல். ஷிவ்ஜி ஆணையம் சொல்ல முயன்றதும் அரசு ஏற்க மறுத்ததும் அதைத்தான்.

நிலம் முழுவதும் அரசுடைமை என்ற அதே கோட்பாட்டை ஏற்றுக்கொண்டே, பத்தாண்டுக் காலப் பயன்பாடு ஆவணமின்றியே உரிமையாகும் என்றும், முதலீட்டாளர் உள்ளூர்ச் சமூகத்துடன் கலந்துபேசியாக வேண்டும் என்றும் விதித்த 1997ஆம் ஆண்டின் மொசாம்பிக் நிலச் சட்டத்தை அடுத்த பகுதி ஆராயும்.